நாலு சக்கரமும் சுத்தும் சரி, நிக்குமா?

அக்டோபர் மாசம் வந்து மரமெல்லாம் சிவக்க ஆரம்பிச்சா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "மச்சி, இங்க பனி பயங்கரமா கொட்டுமாமே? ஃபோர் வீல் டிரைவ் இல்லாம வெளிய போகவே முடியாதாமே? நல்லதா ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி சொல்லேன்." பேசறவர் அனேகமா ரெண்டு மாசம் முன்னாடி சென்னையில இருந்தோ, டெக்சாஸ்ல இருந்தோ மினியாபொலிஸ் பக்கம் வந்து இறங்கினவரா இருப்பார். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஓடுறது ஜாவாவுல. அதனால ஆபீஸ்ல யாருக்கு கார் சந்தேகம் வந்தாலும் என் பக்கம் தள்ளி விட்டுடறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா இங்க கொட்டிடறேன்.

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். ஒண்ணு, காசு செலவு பண்றதுல முதல் இடம் பனி டயருக்கு, ரெண்டாவது இடம்தான் ஃபோர் வீல் டிரைவுக்கு. ரெண்டு, பழைய வண்டி வாங்கறப்ப மேல பேனட்டைப் பார்க்கறதை விட கீழ படுத்துப் பார்க்கறது முக்கியம். மூணு, அந்த வண்டியை முடிஞ்ச வரைக்கும் கடன் இல்லாம வாங்குங்க. இந்த மூணுக்கும் ஏன்னு சொல்றேன். ஒத்துக்கறதும் திட்டறதும் உங்க இஷ்டம் :-)

பிளஸ் டூ பிசிக்ஸ் கொஞ்சம்

பயப்படாதீங்க, ஒரே ஒரு ஃபார்முலாதான். பிரேக் அடிச்சதும் வண்டி நிக்க எடுத்துக்கற தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × மியூ × ஜி). மியூங்கறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற உராய்வு. காய்ஞ்ச ரோட்டுல அது சுமாரா 0.7. இறுகிப்போன பனியில 0.2 பக்கம். ஐஸ் மேல 0.1 கிடைச்சாலே புண்ணியம்.

இப்ப மணிக்கு 30 மைல் வேகத்துல போறீங்கன்னு வைங்க. காய்ஞ்ச ரோட்டுல 13 மீட்டர்ல நிக்கும். பனியில 46 மீட்டர். ஐஸ்ல 90 மீட்டரைத் தாண்டிடும். இதுல நீங்க பதறி பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள ஓடற தூரம் சேர்த்தியே இல்லை.

அந்த ஃபார்முலாவை இன்னொரு தடவை பாருங்க. அதுல வண்டியோட எடை இல்லை. எத்தனை சக்கரத்துக்கு இஞ்சின் பவர் போகுதுங்கறதும் இல்லை. இருக்கறதெல்லாம் வேகம், மியூ, அவ்வளவுதான். வேகம் உங்க கால்ல இருக்கு, மியூ உங்க டயர்ல இருக்கு. நாலு சக்கரத்துக்கும் பவர் போற வண்டி சிக்னல்ல இருந்து சட்டுனு கிளம்பும், வீட்டு வாசல் மேட்டுல சறுக்காம ஏறும். ஆனா நிறுத்தறதுக்கு எல்லா கார்லயும் நாலு சக்கரத்துலயும்தான் பிரேக் இருக்கு. இருபது வருஷப் பழைய கரோலாவுலயும் அப்படித்தான்.

இங்கதான் ஆபத்தே இருக்கு. சாதா கார் ஓட்டறவனுக்கு கிளம்பறப்பவே சக்கரம் சுத்தி, "தம்பி, இன்னைக்கு ரோடு சரியில்லை"ன்னு வண்டியே சொல்லிடும். ஃபோர் வீல் காரனுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது. ஜம்முனு கிளம்பி 50 மைல் வேகம் பிடிச்சப்புறம், முன்னாடி போறவன் பிரேக் போடும்போதுதான் உண்மை தெரியும். முதல் பெரிய பனி அன்னைக்கு ஹைவே ஓரம் பள்ளத்துல கிடக்கற வண்டிகளைக் கவனிச்சுப் பாருங்க. எஸ்.யூ.வி.க்கும் பிக்கப் டிரக்குக்கும் அங்க பஞ்சமே இருக்காது.

டயர் புராணம்

சாதாரணமா வண்டியோட வர்ற ஆல் சீசன் டயரோட ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகப் போக விறைக்க ஆரம்பிக்கும். பனி டயர் ரப்பர் வேற கலவை. குளிர்லயும் மெத்துனு இருக்கும். மேல நெறைய குட்டிக் குட்டி வெட்டுகள் இருக்கும், அது பனியைக் கவ்விப் பிடிக்கும். டயர் பக்கவாட்டுல மூணு முகடு இருக்கற மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள், இந்தச் சின்னம் இருக்கான்னு பாருங்க. வெறும் 'எம் பிளஸ் எஸ்'னு போட்டிருந்தா அதை நம்பிக் கடுங்குளிர்ல இறங்காதீங்க. கனடாவுல கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஃபோர் வீல் டிரைவைக் கட்டாயமாக்கணும்னு அவங்களுக்குத் தோணலை, டயரைத்தான் கட்டாயமாக்கினாங்க. இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

இங்க மினசோட்டாவுல அப்படி சட்டம் இல்லை. ஆனா குளிருக்குக் குறைச்சல் இல்லை. 2019 ஜனவரி 30 அன்னைக்கு மினியாபொலிஸ்ல மைனஸ் 28 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 33 செல்சியஸ். அந்தக் குளிர்ல ரோட்டுல உப்பு போட்டும் பிரயோஜனம் இல்லை. 15 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனாலே உப்பு பனியை உருக்கத் திணறும்.

நாலு பனி டயர் சுமாரா 600ல இருந்து 1000 டாலர் வரைக்கும் ஆகும். "அவ்வளவா?"ன்னு வாயைப் பொளக்காதீங்க. அது ஓடற மாசமெல்லாம் உங்க சாதா டயர் கராஜ்ல ஓய்வு எடுக்குது, அது அந்த அளவு தேயாம மிச்சமாகுது. பதினஞ்சாயிரம் டாலருக்கு எஸ்.யூ.வி. வாங்கிட்டு டயருக்கு யோசிக்கறது, யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிச்ச கதைதான்.

அப்ப யாருக்குத்தான் வேணும்?

ஃபோர் வீல் டிரைவே வேண்டாம்னு சொல்ல வரலை. ராத்திரி ஷிஃப்ட் பார்க்கற நர்ஸ், விடிகாலை பனி அள்ளற வண்டி வர்றதுக்கு முன்னாடியே கிளம்பியாகணும். துலுத் மாதிரி ஏரிக்கரையில மேடும் பள்ளமுமா இருக்கற ஊர்ல குடியிருக்கறவங்க இருக்காங்க. ஊருக்கு வெளிய மண் ரோட்டுல வீடு இருக்கறவங்க இருக்காங்க. இவங்களுக்கெல்லாம் நிஜமாவே வேணும். தரையில இருந்து வண்டி அடிப்பகுதி உசரமா இருக்கறதும் ஒரு லாபம். ஃபாரஸ்டர், அவுட்பேக் மாதிரி வண்டிகள்ல அது 8.7 இஞ்ச். வாசல்ல அள்ளும் வண்டி தள்ளி விட்டுட்டுப் போன பனி மேட்டைத் தாண்ட அது உதவும்.

ஆனா அபார்ட்மெண்ட்ல இருந்து ஆறு மைல் தூரத்துல ஆபீஸ், பனி ஜாஸ்தின்னா வீட்டுல இருந்தே வேலைங்கற நம்ம ஆளுங்களுக்கு? முன் சக்கர டிரைவ் கேம்ரியும் நாலு பனி டயரும் தாராளம்.

சரி, வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு

முதல்ல வகை தெரிஞ்சுக்கணும். பல பிக்கப் டிரக்குலயும் ஜீப்லயும் இருக்கறது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். அதைப் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணாப் பூட்டிக்கும். திருப்பத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகணும். பூட்டியிருந்தா போக முடியாது, பாகங்கள் முறுக்கிக்கும். அதனால காய்ஞ்ச ரோட்டுல அதைப் போடக்கூடாது. நம்ம ஊர் குளிர்காலத்துல ஒரு தெரு வெள்ளையாவும் அடுத்த தெரு காய்ஞ்சும் இருக்கும். மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கணும். ஆல் வீல் டிரைவ்னா அந்தக் கவலை இல்லை, வண்டியே பார்த்துக்கும். தினசரி ஆபீஸ் போய்வர ஆல் வீல் டிரைவ்தான் என் ஓட்டு.

எல்லாரும் கேக்கறது மூணே பேர்தான். அதனால மூணையும் பார்த்துடலாம்.

சுபாரு: பனிக்குன்னே பேர் வாங்கின வண்டி. ஆனா 2000களில் வந்த பழைய 2.5 லிட்டர் இஞ்சின்ல ஹெட் கேஸ்கெட் போறது ஊரறிஞ்ச விஷயம். அதுல டைமிங் பெல்ட் வேற, 105,000 மைல்ல மாத்தணும். ஃபாரஸ்டர்ல 2011லயும் அவுட்பேக்ல 2013லயும் புது இஞ்சின் வந்தது. அதுல பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆனா அதுலயும் ஆரம்ப வருஷ வண்டிகள் ஆயில் குடிக்குதுன்னு வழக்குப் போய் 2016ல சமரசம் ஆச்சு. சி.வி.டி. கியர்பாக்ஸுக்கு 2010 முதல் 2015 வரையான பல மாடல்களுக்கு வாரண்டியை 10 வருஷம் அல்லது 100,000 மைல்னு நீட்டினாங்க. அந்தப் பத்து வருஷமும் இப்ப முடிஞ்சு போச்சு. அதனால கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின ரசீது இருக்கான்னு கேளுங்க.

ஹோண்டா சி.ஆர்.வி.: 2012 முதல் 2014 வரை 2.4 லிட்டர் இஞ்சின், சாதாரண ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். அலட்டல் இல்லாத ஜோடி. 2017, 2018ல வந்த 1.5 லிட்டர் டர்போவுல, கடுங்குளிர்ல குட்டி குட்டி தூரமா ஓட்டினா பெட்ரோல் போய் ஆயில்ல கலக்கற பிரச்சினை வந்து, கம்பெனி வாரண்டியை நீட்ட வேண்டி வந்தது. ஆறு மைல் ஆபீஸ்காரங்க இதை யோசிக்கணும். பழைய சி.ஆர்.வி.யில ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பறப்ப பின்பக்கம் 'ஊங்'னு முனகினா, பல சமயம் பின் டிஃபரென்ஷியல் ஆயில் மாத்தாததுதான் காரணம். செலவு கம்மி, பேரம் பேச நல்ல சாக்கு :-)

டொயோட்டா ராவ் ஃபோர்: 2013 முதல் 2018 வரை 2.5 லிட்டர், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். அதிசயம் ஒண்ணும் கிடையாது, அதுதான் அதோட அழகு. ஆனா எல்லாருக்கும் இது தெரிஞ்சதால விலை இறங்காது. 2019க்கு அப்புறம் வந்த ஹைபிரிட்ல பின் சக்கரத்தைச் சுத்தறது தனி மோட்டார். அந்த மோட்டாருக்குப் போற ஹை வோல்டேஜ் கேபிள் முனை உப்புல அரிச்சுப் போன புகார்கள் வந்து, 2022ல அதுக்கு வாரண்டியை நீட்டினாங்க. இங்க ஓடின ஹைபிரிட் வாங்கினா அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, எதை வாங்கினாலும் 2012 அல்லது அதுக்கு மேல வாங்குங்க. அமெரிக்காவுல அந்த மாடல் வருஷத்துல இருந்து எல்லா காருக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கட்டாயம். வண்டி சறுக்கித் திரும்பறப்ப தனித்தனிச் சக்கரத்துல பிரேக் போட்டு நேராக்கற சமாச்சாரம். தனியா ஒரே வண்டி கவிழற, மோதற விபத்துகள்ல உயிர் போற வாய்ப்பை இது கிட்டத்தட்ட பாதியாக் குறைக்குதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளோட நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடிச்சது. "பொண்டாட்டி குழந்தையோட ஓட்டறா, பாதுகாப்புதானே முக்கியம்"னு சொல்றவங்க, முதல்ல இதைத்தான் கேக்கணும்.

கீழ படுத்துப் பாருங்க

மினசோட்டாவுல வருஷா வருஷம் வண்டியைப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு விடற கட்டாயம் கிடையாது. அதாவது, துரு பிடிச்சு ஓட்டை விழுந்த வண்டியும் சட்டப்படி ரோட்டுல ஓடிக்கிட்டே இருக்கும், அப்படியே விற்பனைக்கும் வரும். இஞ்சின் போனா மாத்தலாம், கியர்பாக்ஸ் போனா மாத்தலாம். அடிச்சட்டம் துருப்பிடிச்சா வண்டி கதை முடிஞ்சது. நல்ல பேர் வாங்கின கம்பெனியும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. டொயோட்டா டகோமா டிரக் சட்டம் துருப்பிடிச்ச வழக்குல, 15 லட்சம் வண்டிகளுக்கு, சுமார் 340 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு 2016ல அந்தக் கம்பெனி ஒத்துக்கிட்டது.

போன வருஷம் நண்பன் ஒருத்தன் ஒரு அவுட்பேக் மேல காதலாயிட்டான். மேல பார்த்தா கண்ணாடி மாதிரி பளபளப்பு, உள்ள லெதர் சீட்டு. "நாளைக்கே செக் கொடுத்துடறேன்டா"ன்னு நின்னான். இருடா, ஒரு மெக்கானிக் பார்க்கட்டும்னு இழுத்துட்டுப் போனேன். பெரியவர் வண்டியைத் தூக்கி, டார்ச் அடிச்சு, பின்பக்கம் போற பிரேக் குழாயை விரலால தடவிக் காட்டினார். விரல் பூரா காவிப் பொடி. "பிரேக்கை ஓங்கி மிதிச்சா இதுதான் வெடிக்கும்"னாரு. எப்ப ஓங்கி மிதிப்போம்? எதிர்ல யாராவது குறுக்க வரும்போதுதான். நண்பன் ஒண்ணும் பேசலை. 150 டாலர் கொடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டோம். அந்த 150 டாலர்தான் அவன் அந்த வருஷம் பண்ணின உருப்படியான செலவுன்னு நான் சொல்வேன்.

நீங்க பார்க்க வேண்டியது:

- அடிச்சட்டம், பிரேக் குழாய், கதவுக்குக் கீழ ஓடற பகுதி. அடியில புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க. எதை மறைக்கறாங்கன்னு கேளுங்க.

- நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா? ஆல் வீல் டிரைவ்ல ஒரு டயர் புதுசு, மூணு பழசுன்னா சக்கரம் சுத்தற வேகம் வித்தியாசப்பட்டு உள்ள இருக்கற கிளட்ச் ஓயாம வேலை செய்யும். ஓனர் எப்படிப்பட்டவர்னு டயரே ஜாதகம் சொல்லிடும்.

- இஞ்சின் ஆறிப்போய் இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணுங்க. "நான் வர்றதுக்கு முன்னாடி ஓட்டி வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. போய் பேனட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏன்னு கேளுங்க.

- காலி பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க. வண்டி திக்கித் திணறினா நாலு சக்கர அமைப்புல கோளாறு.

- ஹீட்டர், பின் கண்ணாடி டீஃப்ராஸ்டர் ரெண்டையும் போட்டுப் பாருங்க. வண்டி நிக்கறப்ப ஹீட்டர் ஆறிப் போச்சுன்னா கூலண்ட் குறைவா இருக்கலாம், அது ஏன் குறைஞ்சதுன்னு தோண்டுங்க.

- வி.ஐ.என். நம்பரை அரசாங்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தளத்துல போட்டா, பாக்கி இருக்கற ரீகால் இலவசமா தெரிஞ்சுடும்.

"துருவே வேண்டாம், டெக்சாஸ் வண்டியா வாங்கறேன்"னு சில புத்திசாலிங்க சொல்வாங்க. நல்ல ஐடியாதான். ஆனா அந்தப் பக்கம் வெள்ளம்னு ஒண்ணு இருக்கு. 2017 ஹார்வி புயல்ல மட்டும் லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கினது. டைட்டில் வரலாற்றைப் பார்க்காம, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காம வாங்காதீங்க. ஆழம் தெரியாம காலை விடக்கூடாது, அதுவும் ஏற்கெனவே மூழ்கின வண்டியில.

மெக்கானிக்கிட்ட காட்டறதுக்கு விக்கறவர் சம்மதிக்கலைன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. வேற வண்டி கிடைக்கும்.

காசு விஷயம்

இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். ஊருக்குப் புதுசா வந்தவனுக்கு கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது. வட்டி தீட்டிடுவான். அஞ்சாறு வருஷக் கடன்ல பெரிய எஸ்.யூ.வி.யை எடுத்துட்டு, முதல் ரெண்டு வருஷம் வண்டி விலையை விட கடன் பாக்கி அதிகமா இருக்கும். ஹெச்1பி விசாவுல வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த 60 நாள்ல வேலை தேடுவீங்களா, வீட்டைக் காலி பண்ணுவீங்களா, வித்தாலும் கடன் அடையாத வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா? சொந்தக் காசுல வாங்கின பழைய வண்டின்னா ஒரே வாரத்துல வித்துட்டுக் கையில பணத்தோட நிக்கலாம். பனியில சறுக்கற ஆபத்து மட்டும் ஆபத்து இல்லைங்க. இதுவும் சறுக்கல்தான்.

"அப்ப புது வண்டி வாங்கினா துரு பயமே இல்லையே?" உண்மைதான். அஞ்சு வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல இருக்கப்போறது உறுதி, கையில சேமிப்பு இருக்குன்னா தாராளமா வாங்குங்க. நான் சொல்றது, பயத்துல வாங்காதீங்கன்னுதான். "ஃபோர் வீல் இல்லைன்னா செத்தோம்"ங்கற பயத்தை வெச்சுதான் இங்க பாதி வியாபாரம் நடக்குது.

நிஜமாவே பயப்பட வேண்டிய பனி வேற. 2022 டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் சமயம் பஃபலோவுல அடிச்ச பனிப்புயல்ல 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல சிலர் பனியில மாட்டின வண்டிக்குள்ளயே. ஆம்புலன்ஸ், போலீஸ், பனி அள்ளற வண்டிகளே நகர முடியாம நின்ன புயல் அது. அந்த மாதிரி நாள்ல எந்த வண்டியும் உங்களைக் காப்பாத்தாது. வெளிய போகாம இருக்கறதுதான் காப்பாத்தும். மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிட்டு ரசம் சாதம் சாப்பிட்டுட்டு படுங்க. தப்பித் தவறி எங்கயாவது மாட்டிக்கிட்டா வண்டியிலயே இருங்க, சைலன்சர் குழாயைப் பனி மூடாம பார்த்துக்குங்க. இல்லைன்னா புகை உள்ள வந்து ஆளைச் சாய்ச்சுடும். டிக்கியில ஒரு கம்பளி, ஒரு சின்ன மண்வெட்டி, டேங்க்ல எப்பவும் பாதிக்கு மேல பெட்ரோல். மொத்த செலவு ஐம்பது டாலர் தாண்டாது.

ஆகவே மக்களே, நவம்பர் வந்து டயர் கடையில க்யூ நிக்கறதுக்கு முன்னாடி டயரை வாங்குங்க. அப்புறமும் ஃபோர் வீல் வேணும்னு தோணினா, மெக்கானிக்குக்கு 150 டாலர் எடுத்து வெச்சுட்டு வண்டி தேடுங்க. எந்த வண்டியா இருந்தாலும் முதல் பனி அன்னைக்குக் காலையில ஒரு காலி பார்க்கிங்குக்குப் போய், மெதுவா ஓட்டி, ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பாருங்க. எவ்வளவு தூரம் போய் நிக்குதுன்னு உங்க கண்ணால பார்த்துட்டா, நான் இவ்வளவு நேரம் பேசினது தேவையே இல்லை.

டிஸ்கி: எந்தக் கார் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கலை. கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், நாலு பனி டயரா கொடுத்துடுங்க :-)